மூணாறு குளிருக்கு ஒரு 5 லிட்டர் குக்கர்

போடியில் வாங்கி வந்து ஒரு வருஷம் ஆகிறது. அலுமினியம், மூடி வெளியே பூட்டுகிற வகை, 1,650 ரூபாய். மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஐந்து பேர் இருக்கிறோம், அளவு போதும்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பானைச் சோறு கொதித்துக்கொண்டே கிடக்கும், பருக்கை வேகாது. நான் அரிசியைத்தான் திட்டினேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அப்புறம் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது என்று பின்னால் மகள்தான் விளக்கினாள். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் இந்த உயரத்திலும் 118 டிகிரி வரை ஏறுமாம். சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசியைப் பானையில் வைத்துப் பாருங்கள், அந்த இருபத்து மூன்று டிகிரியின் அருமை தெரியும்.

விசில் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பழைய குக்கரில் துவரம்பருப்புக்கு மூன்று விசில். இதில் தீயைத் தூக்கி வைத்தால் மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடுகிறது, பருப்போ முழுசாகவே கிடக்கிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார் என்றார் அத்தை. அதுதான் சரி.

இங்கிலாந்தில் குக்கர் என்றால் அடுப்பையே சொல்வார்களாம். நமக்கு இது ஒன்றுதான் குக்கர். போடிப் பக்கம் போனால் டி.டி.வி. தினகரன் கட்சியின் சின்னம். திருப்பூரில் இருக்கும் என் தம்பியோ, கம்பெனி வேலை பிரஷர் குக்கர் மாதிரி இருக்கிறது என்பான். குக்கராவது விசில் விட்டு ஆவியை இறக்கிக்கொள்ளும். அவன் வாயே திறக்க மாட்டான்.

குறை என்றால், கைப்பிடித் திருகு மாதம் ஒருமுறை தளர்கிறது. வெறும் தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே கறுக்கிறது. அலுமினியத்தின் குணம் அது. காஸ்கெட் விஷயத்தில் தப்பு என் மேல். எட்டு மாதத்தில் விறைத்துப்போனதும் ஜீப் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 60 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்கி மாட்டினேன். இருபதாம் நாள் ஓரத்தில் ஆவி சீறியது, விசிலே வரவில்லை, தண்ணீர் வற்றிக் கொண்டைக்கடலை அடியோடு கருகியது. நல்லவேளை, சேஃப்டி வால்வு உருகி மிச்ச ஆவியை வெளியே விட்டது. குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடிப் பார்த்து வாங்கியவள், காஸ்கெட்டுக்குச் சிக்கனம் பார்த்தேன். இப்போது அதே கம்பெனி காஸ்கெட்தான்.

பக்கத்து வீட்டுச் சேச்சி தன் குக்கரில் வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவிக் குழாய் மேல் சிரட்டைப் புட்டுப் பாத்திரத்தைச் சொருகி வைப்பார். உள்ளே வெறும் தண்ணீர்தான்; ஐந்தாறு நிமிஷத்தில் மூடித் துளை வழியே ஆவி வந்தால் புட்டு ரெடி. இந்தக் குக்கரில் குழாய் கொஞ்சம் குட்டை, பாத்திரம் ஒரு பக்கம் சாய்கிறது. அதனால் புட்டுக்கு மட்டும் இன்னமும் சேச்சி வீட்டுக்குத்தான் மாவோடு போகிறேன்.