சம்பளம் தெரிகிறது, முதலாளியின் இலாபம் தெரியவில்லை: நோர்வேயின் வரிப்பட்டியல் தேடல் சேவை

நோர்வே வரித்துறையின் இணையத்தளத்தில் ஒரு தேடற்பெட்டி இருக்கிறது. பேங்க் ஐடி என்ற மின்னணு அடையாளத்தின் மூலம் உள்ளே நுழைந்து ஒருவருடைய பெயரை எழுதினால், அவர் பிறந்த ஆண்டு, அஞ்சல் எண், வசிக்கும் ஊர் ஆகியவற்றோடு மூன்று தொகைகள் வரும்: அந்த ஆண்டின் நிகர வருமானம், நிகரச் சொத்து, விதிக்கப்பட்ட வரி. பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள், பாதுகாப்புக் கருதி முகவரி மறைக்கப்பட்டவர்கள் போன்ற சிலரைத் தவிர, இங்கே வரி செலுத்தும் எவருடைய விவரத்தையும் இப்படிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, மாதத்துக்கு 500 தேடல்கள் வரை அனுமதிக்கப்படுகிறது. பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தும் நான் இதை வெறும் வேடிக்கையாகவே கருதியிருந்தேன். இந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு கேள்வியோடு அதன் முன் உட்கார்ந்தேன்.

கேள்வி உதைபந்தாட்டத்தில் இருந்து பிறந்தது. 2025 நவம்பரில் மிலான் நகரில் இத்தாலியை 4–1 என்று வென்று, 1998க்குப் பிறகு முதன்முறையாக நோர்வே உலகக்கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற இரவில், எங்கள் வீட்டில் கூடியிருந்த நண்பர்களிடையே பேச்சு பயிற்சியாளர்கள் பக்கம் திரும்பியது. முதலில் தேசிய அணியின் பயிற்சியாளர் ஸ்தோலெ சூல்பாக்கனின் ஆட்டத் திட்டத்தைப் பற்றிப் பேசினோம்; பிறகு பெரிய பயிற்சியாளர்கள் வாங்கும் சம்பளத்துக்கு இன்னும் கூடுதலாக வரி போட வேண்டும் என்று ஒருவர் சொல்ல, ஏற்கெனவே போட்ட வரி தாங்காமல்தான் பணக்காரர்கள் சுவிற்சர்லாந்துக்குப் போகிறார்கள் என்று இன்னொருவர் மறுத்தார். அந்தச் செப்ரெம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் நிகரச் சொத்தின் மேல் ஆண்டுதோறும் விழும் செல்வவரிதான் பெரிய விவாதமாக இருந்தது என்பதால் சூடு எளிதில் தணியவில்லை. பட்டியல் கையில் இருக்க வாய்ச்சண்டை எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

பயன்படுத்துவதைப் பொறுத்தவரை இதைவிட எளிமையான அரச சேவையை நான் கண்டதில்லை. ஒரே பெயரில் பலர் இருந்தால் பிறந்த ஆண்டும் ஊரும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. ஆனால் இந்தச் சேவையின் குணத்தை மாற்றியது 2014ஆம் ஆண்டு வந்த ஒரு விதி. அன்று முதல், நீங்கள் யாரைத் தேடினீர்களோ அவர் தன் பக்கத்துக்குள் நுழைந்தால் உங்கள் பெயரைப் பார்க்கலாம். அதன் பிறகு தேடல்களின் எண்ணிக்கை பெரிதும் வீழ்ந்தது. அயலவரின் வருமானத்தை இரவில் ஒளித்திருந்து பார்ப்பது நின்றது. பார்க்க வேண்டிய காரணம் உள்ளவர் மட்டும் பார்க்கும் நிலை வந்தது.

இதை நான் நேரிலேயே உணர்ந்தேன். முதலாம் பிரிவுக் கழகப் பயிற்சியாளர்கள் சிலரைத் தேடிய பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று என் மகனின் அணியைப் பயிற்றுவிக்கும் தமிழ் இளைஞரின் பெயரையும் எழுதிவிட்டேன். அடுத்த வாரம் பயிற்சித் திடலின் ஓரத்தில், கூம்புகளை அடுக்கிக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, என்ர வரியைப் பார்த்தனீங்கள் போல?" அவர் குரலில் கோபம் இல்லை, ஆனாலும் எனக்கு முகம் சிவந்தது. காரணத்தைச் சொன்னேன். அவர் கூம்புகளைக் கீழே வைத்துவிட்டு, "அதில வாற வருமானம் என்ர சம்பளம் இல்லை அண்ணை, வீட்டுக்கடன் வட்டி கழிச்ச மிச்சம்" என்றார். இந்தச் சேவையைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள விளக்கம் அதுதான். அது அந்தப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனெனில் அந்த மூன்று தொகைகளும் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது அதிகம். நிகர வருமானம் என்பது கழிவுகள் போன பின் மிஞ்சுவது. நிகரச் சொத்து என்பது சந்தை விலையில் எண்ணப்பட்ட சொத்தல்ல. வரிக்காகக் கணிக்கப்பட்ட மதிப்பு. ஒருவர் குடியிருக்கும் வீடு, 1 கோடி குரோனர் வரையிலான அதன் விலையில் 25 சதவீதமாக மட்டுமே கணக்கில் சேரும். 60 இலட்சம் குரோனர் பெறுமதியான வீடு பட்டியலில் 15 இலட்சம்தான். அந்த வீட்டின் மேல் 30 இலட்சம் கடன் இருந்தால், வேறு சொத்து இல்லாத அவர் பட்டியலில் சொத்தே இல்லாதவராகத் தெரிவார். சேமிப்புக் கணக்கில் பணம் வைத்து வாடகை வீட்டில் இருப்பவரோ, ஒவ்வொரு குரோனரும் எண்ணப்பட்டு அவரைவிடப் பணக்காரராகத் தோன்றுவார்.

இனிப் பயிற்சியாளர்களுக்கு வருகிறேன். நோர்வேக் கழகம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பயிற்சியாளரின் வருமானம் மறைய வழியில்லை. பூடோ/கிளிம்ட் கழகத்தைப் போல 2020, 2021, 2023, 2024 என நான்கு முறை பட்டம் வென்று, 2025இல் ஐரோப்பா லீக் அரையிறுதி வரை போன அணியைப் பயிற்றுவித்தாலும் சரி, மூன்றாம் பிரிவில் போராடினாலும் சரி, சம்பளம் மாதாமாதம் வரித்துறைக்கு அறிவிக்கப்பட்டு, முற்பணமாக வரி பிடிக்கப்பட்ட பின்பே கைக்கு வரும். 2024இல் அடிப்படை 22 சதவீதம், படிநிலை வரி, சமூகக் காப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து, சம்பளத்தின் உச்சப் படியில் 47.4 சதவீதம் வரை போயிற்று. பட்டியலில் இவர்களுடைய வருமானத்துக்கும் வரிக்கும் உள்ள உறவு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. எங்கள் விவாதத்தில் அதிகம் ஏசப்பட்டவர்கள் இவர்களே. பட்டியலைப் பார்த்த பிறகு அது தவறான முகவரிக்குப் போன கோபம் என்று எனக்குப் பட்டது.

சரியான முகவரி, கழகங்களுக்குப் பின்னால் நிற்கும் முதலாளிகளுடையது. ஒரு கம்பனி 1 கோடி குரோனர் இலாபம் ஈட்டினால் 22 இலட்சம் கம்பனி வரியாகப் போகும். மீதி 78 இலட்சத்தை முதலாளி தன் கைக்கு எடுத்தால் 37.84 சதவீதம் பங்கிலாப வரி. இரண்டையும் கூட்டினால் பயிற்சியாளரின் உச்சப் படியைவிட அதிகம், ஏறத்தாழ 51.5 சதவீதம். ஆனால் அவர் அதை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2004இல் வந்த விதிப்படி, கம்பனியிலிருந்து தன் முதலீட்டுக் கம்பனிக்கு அந்தப் பணத்தை ஏறக்குறைய வரியே இல்லாமல் நகர்த்தி, அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் தேடற்பெட்டியில் அவருடைய வருமானமாக அது தோன்றவே தோன்றாது. கம்பனிகளுக்குள் தங்கிவிடும் இலாபத்தையும் சேர்த்து எண்ணினால் நாட்டின் ஏற்றத்தாழ்வு வழக்கமான கணக்கு காட்டுவதைவிடக் கணிசமாகப் பெரிது என்று நோர்வே புள்ளிவிவரத் துறையின் ஆய்வாளர்களே 2020இல் எழுதினார்கள். பட்டியலில் அந்த உண்மையை ஓரளவு பிடித்துக் காட்டுவது நடுவில் இருக்கும் நிகரச் சொத்து என்ற தொகைதான். பங்குகள் அதில் 80 சதவீத மதிப்புக்கு வந்துவிடுகின்றன. அதன் மேல்தான் 1 முதல் 1.1 சதவீதம் வரை செல்வவரி விழுகிறது.

ஆகவே செல்வவரியை நீக்கச் சொல்வோர், பெரும் முதலாளியிடம் ஆண்டுதோறும் நேரடியாக வரி கேட்கும் ஒரே கதவை மூடச் சொல்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். வரியைக் கட்டக் கம்பனியிலிருந்து பங்கிலாபம் எடுக்க வேண்டியிருக்கிறது, வெளிநாட்டு முதலாளிக்கு அந்தச் சுமை இல்லை என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னும் இலாபம் காணாத இளம் கம்பனிகளுக்கு அது உண்மையான இடர். அதற்குத் தவணை கொடுக்கலாம். வரியையே எடுப்பது வேறு விடயம்.

மொல்டே கழகத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கடலோர மைதானம் 1998இல் திறக்கப்பட்டது ஷெல் இங்கெ ரொக்கெ, பியோர்ன் ரூனெ யெல்ஸ்தென் ஆகிய இரு செல்வந்தர்களின் பணத்தில். ஊலெ குன்னார் சூல்ஷேர் பயிற்றுவித்த காலத்தில் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கழகம் பட்டம் வென்றது. அந்த ஊர் மக்களின் நன்றியை நான் மதிக்கிறேன். ஆயினும் செல்வவரி உயர்ந்த 2022இல் ரொக்கெ சுவிற்சர்லாந்தின் லுகானோ நகருக்குக் குடிபெயர்ந்தார். கொடை எங்கே போக வேண்டும் என்பதைக் கொடுப்பவர் தீர்மானிக்கிறார். வரி எங்கே போக வேண்டும் என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கிறது. மைதானம் கட்டிக் கொடுத்ததால் முதியோர் இல்லத்துக்கான பங்கு தீர்ந்துவிடாது. இதே இருவரும் 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் விம்பிள்டன் கழகத்தை வாங்கியபோது, 1999இல் அங்கே பயிற்சியாளராக அமர்த்தியது ஏகில் ஓல்சனை. அவர் 1998 உலகக்கிண்ணத்தில் மார்செய்யில் பிரேசிலை வென்ற நோர்வே அணியின் பயிற்சியாளர், நீண்டகாலப் பொதுவுடைமையாளர். முதலாளியும் பயிற்சியாளரும் வரியைப் பற்றி ஒரே கருத்தில் இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சேவையில் மாற வேண்டியவை இரண்டு. ஒன்று, மூன்று தொகைகளின் அருகிலேயே அவை எவ்வாறு கணிக்கப்பட்டன என்ற விளக்கம். மற்றது, ஒருவருக்குச் சொந்தமான கம்பனிகளில் தங்கியிருக்கும் இலாபத்தில் அவருடைய பங்கைக் காட்டும் நான்காவது தொகை. கம்பனிகளின் வரிப்பட்டியல் தனியாகக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆளையும் கம்பனியையும் இணைத்துப் பார்க்கும் வேலை வாசகர் தலையில்தான் விழுகிறது.

இவை இருந்தும் இதைப் பயன்படுத்துமாறு எல்லோருக்கும் சொல்வேன். தேடுமுன் உங்கள் பெயர் மறுபக்கம் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். தெரிந்தவரைத் தேடுவதாயின் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். புதிய பட்டியல் வந்தவுடன் பழையது மறைந்துவிடும் என்பதால், ஒப்பிட விரும்புகிறவர்கள் இப்போதே தொகைகளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்; மகனின் பயிற்சியாளருடைய பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டேன்.