மாதமும் முதலெழுத்தும்: ட்ருப்பல் வியூஸின் சூத்திர ஆர்கியுமென்ட் தமிழ்த் தளங்களுக்கு எவ்வளவு உதவும்?

திருகோணமலையில் கோயிலுக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ நிலாவெளி விடுதிக்கோ தமிழில் ஒரு தளம் அமைத்தால், கடைசியில் இரண்டு பட்டியல்களைக் கட்டாயம் கேட்பார்கள். ஒன்று மாதவாரியான பழைய பதிவுகள். மற்றது ஊர்ப்பெயர், ஆட்பெயர் எதுவானாலும் எழுத்துவாரியான அகரவரிசை. இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான ட்ருப்பலில், பட்டியல்களை உருவாக்கும் வியூஸ் என்ற பகுதி இவ்விரண்டுக்கும் ஒரே உத்தியைக் கையாள்கிறது. முகவரியில் வரும் மதிப்பை அட்டவணைப் புலத்தோடு நேரே ஒப்பிடாமல், புலத்தின் மேல் ஒரு சூத்திரத்தை வைத்து, அதன் விடையோடு ஒப்பிடுகிறது. மாதப் பட்டியல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே நன்றாக ஓடும், நேர வலயத்தைச் சரிபார்த்தால் போதும். எழுத்துப் பட்டியல் தமிழுக்கு அப்படியே உதவாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் மிக அழகாக அமையும். இந்தக் கருவியின் உண்மையான பெறுமதி அந்த இரண்டாவது வேலையில்தான் தெரிகிறது.

உள்ளே நடப்பது எளிது. முகவரியில் வரும் மதிப்பை வியூஸ் ஆர்கியுமென்ட் என்கிறது. அதைக் கையாளும் சிறு நிரல்களில் (பிளகின், அதாவது கையாளி) ஒன்றின் பெயர் ஃபோர்முலா. அதற்கு, தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு சூத்திரத்தைக் கொடுக்க வேண்டும். சூத்திரத்தில் அட்டவணைப் பெயர் வர வேண்டிய இடத்தில், முன்னும் பின்னும் மும்மூன்று நட்சத்திரக் குறி இட்டு டேபிள் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதினால், வினவல் ஓடும்போது சரியான மாற்றுப்பெயரை அதுவே போட்டுக்கொள்ளும். பிறகு சூத்திரம், சமன்குறி, பிளேஸ்ஹோல்டர் (மதிப்பு பின்னர் தனியாக வந்து அமரும் இடம்) என்று ஒரு நிபந்தனையை வினவலில் சேர்க்கும். பாவனையாளர் முகவரியில் என்ன தட்டினாலும் அது பிளேஸ்ஹோல்டர் வழியாகத்தான் போகிறது, ஆகவே அந்தப் பக்கத்தால் ஊடுருவ முடியாது. சூத்திரம் மட்டும் எழுதியபடியே வினவலில் ஒட்டப்படும். வெளியிலிருந்து வரும் எந்த மதிப்பையும் சூத்திரத்துக்குள் கோத்துவிடாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

முதலில் மாதம். ட்ருப்பலோடு ஆர்கைவ் என்றொரு வியூ (தயார்ப் பட்டியல்) முடக்கிய நிலையில் வருகிறது. அதை இயக்கினால் 202504 என்ற ஆறு இலக்க முகவரிக்கு 2025 ஏப்ரல் பதிவுகள் வரும். முகவரியில் மாதம் இல்லாவிட்டால் மாதங்களின் சுருக்கப் பட்டியல் எண்ணிக்கையோடு வரும். ஆண்டு, மாதம், வாரம், நாள், முழுத்திகதி ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கையாளிகள் உண்டு. எல்லாமே ஃபோர்முலாவிலிருந்து கிளைத்தவை. வியூஸ் அமைப்புப் பக்கத்தில் எஸ்கியூஎல் வினவலைக் காட்டும்படி குறியிட்டுவிட்டு முன்னோட்டத்தைப் பாருங்கள். பதிவின் நேர முத்திரையை 1970 ஜனவரி 1 உடன் கூட்டி, அதற்கு மேல் 19800 செக்கன் சேர்த்து, விடையை ஆண்டும் மாதமுமாக வடிவமைப்பது தெரியும். அந்த 19800 தான் நம்முடைய ஐந்தரை மணித்தியாலம். அங்கே எண் எதுவும் கூட்டப்படவில்லையென்றால் தளத்தின் இயல்புநிலை நேர வலயம் கொழும்பு அல்ல, உலகப் பொது நேரமான யூடிசியில் நிற்கிறது என்று பொருள். அப்படி விட்டால் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வெளியிடுவதெல்லாம் முந்திய நாளில் விழும். அதிகாலைப் பூசைக்குப் படம் ஏற்றும் கோயில் தளத்தில் மாதத்தின் முதல் நாள் பதிவுகள் போன மாதத்துக்குப் போய்விடும்.

பாவனையாளர் தமக்கு விருப்பமான நேர வலயத்தைத் தெரிவுசெய்ய அனுமதித்திருந்தால் இன்னொன்றும் நடக்கும். வியூஸ் எடுப்பது அப்போது பார்ப்பவரின் வலயத்தை. ஜூலை 1 காலை 6 மணிக்கு இங்கே போட்ட பதிவு, டொரொன்டோவில் உள்நுழைந்திருக்கும் உறவினருக்கு ஜூன் 30 இரவு 8.30. அவருடைய பட்டியலில் அது ஜூனில் இருக்கும். ஊர்த்தளத்துக்கு இது தேவையற்ற குழப்பம். அந்த அனுமதியை நிறுத்திவிடுவதே சரி.

பழைய பதிவுகளை உள்ளே கொண்டுவரும் செய்தித்தளங்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த 19800 ஐ வியூஸ் கணக்கிடுவது இன்றைய நாளுக்கு. பதிவு வந்த நாளின் வலயத்தை அது பார்ப்பதில்லை. இலங்கையோ 1996 இல் நேரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் வித்தியாசம் ஆறு மணித்தியாலம். 2003 ஜனவரி 1, இரவு 12.15 என்று திகதியிட்ட ஒரு புத்தாண்டுச் செய்தியை எடுங்கள். பக்கத்தின் தலைப்பில், ட்ருப்பல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி வரலாற்றுக் கணக்கோடு ஜனவரி 1 என்றே காட்டும். மாதப் பட்டியலோ அதை 2002 டிசம்பர் 31, 11.45 என்று கணித்து டிசம்பருக்குள் போடும். ஒரே பதிவுக்கு இரண்டு மாதம் காட்டுவதைப் பார்க்கும் ஆசிரியர் தரவு கெட்டுவிட்டது என்று நினைப்பார். தரவு சரி, சூத்திரம்தான் வரலாறு அறியாதது.

இதற்கும், வேகக் குறைவுக்கும் ஒரே மருந்து உண்டு. புலத்தைச் சூத்திரத்துக்குள் சுற்றிவிட்டால் தரவுத்தளம் அந்தப் புலத்தின் சுட்டியைப் (விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ்) பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு வரிசையாகக் கணக்கிட்டுப் பார்க்கும். சில ஆயிரம் பதிவுகளில் தெரியாது. நாளாந்தச் செய்தித்தளம் பல ஆண்டுகளைத் தாண்டும்போது தெரியும். ஆகவே திகதிக் கையாளியை நீட்டி ஒரு வகுப்பு எழுதி, வினவல் முறையை மட்டும் மாற்றுங்கள். மாதத்தின் தொடக்கத்தையும் அடுத்த மாதத்தின் தொடக்கத்தையும் ஏசியா கொழும்பு வலயத்தில் பிஎச்பியால் கணித்து, நேர முத்திரை இவ்விரண்டுக்கும் இடையில் என்று நிபந்தனை போட்டால் சுட்டியும் வேலை செய்யும், 2006 க்கு முந்திய பதிவுகளும் மாதப் பக்கத்தில் சரியான இடத்துக்கு வரும். சுருக்கப் பட்டியல் மட்டும் தொடர்ந்தும் சூத்திரத்தில்தான் ஓடும். அதைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்தால் போதுமானது.

நிகழ்வுத் திகதிக்கென்று நீங்கள் சேர்க்கும் புலம் வேறு கதை. அது நேர முத்திரையாக இல்லாமல் எழுத்துச் சரமாகச் சேமிக்கப்படுகிறது. மணியில்லாத திகதி மட்டும் என்று புலத்தை அமைத்தால் வலயக் கூட்டல் நடக்காது, தொல்லையும் இல்லை. திருவிழா அறிவித்தலுக்கு அதுவே பொருத்தம்.

ஆண்டில்லாமல் மாதத்தை மட்டும் பார்க்கும் மாதக் கையாளியில் முகவரிக்கு 5 என்று கொடுத்தால் ஒன்றும் வராது, 05 என்று கொடுக்க வேண்டும். சூத்திரத்தின் விடை இரண்டு இலக்கச் சரம், ஒப்பீடும் சரத்தோடு சரம். பல மதிப்புகளும் ஏற்காது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களின் புறாமலைப் படகுப் பயணங்களை 05+06+07 என்று ஒரே முகவரியில் கேட்கலாம் என்று எதிர்பார்த்தால் வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும். எண், சரக் கையாளிகளில் இருக்கும் பல மதிப்பு வசதி இந்தக் குடும்பத்துக்கு இல்லை. இது பெரிய குறை, நியாயம் சொல்ல முடியாத குறை. தமிழ் மாதங்களையும் இதிலே தேடாதீர்கள். பங்குனி உத்திரம் ஓராண்டு மார்ச்சிலும் இன்னோராண்டு ஏப்ரலிலும் வரும். அதற்கு வகைப்பாட்டுச் சொல் ஒன்றை உருவாக்கிப் பதிவோடு இணைப்பதுதான் முறை.

இனி எழுத்து. வியூஸின் சரக் கையாளியில் குளோசரி என்ற தெரிவு உண்டு. எத்தனை எழுத்து என்று ஓர் எண் கொடுத்தால் தலைப்பின் தொடக்கத்திலிருந்து அத்தனையை வெட்டி எடுக்கும். ஆங்கிலத்துக்கு 1 போதும். தமிழில் தரவுத்தளம் எண்ணுவது யூனிகோட் குறிகளை. கி என்பது க வும் இகரக் குறியுமாக இரண்டு. 1 என்று கொடுத்தால் கன்னியா, கந்தளாய், கிண்ணியா, குச்சவெளி நான்கும் க வின் கீழ் போய்விடும். சாம்பல்தீவும் சீனக்குடாவும் சேருவிலவும் ச வில் ஒன்றாகும். சரி, 2 என்று கொடுப்போம் என்றால் கிண்ணியா கி யில் ஒழுங்காக வரும். கன்னியாவோ கன என்ற தலைப்பிலும் கந்தளாய் கந என்ற தலைப்பிலும் தனித்தனியே நிற்கும். எந்தத் தமிழ் அகரவரிசையிலும் இல்லாத தலைப்புகள் இவை.

இங்கேதான் ஃபோர்முலா பிளகின் கைகொடுக்கிறது. சூத்திரம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டாவது குறி உயிர்மெய்க் குறியா? ஆகாரக் குறி முதல் ஔகாரக் குறி வரை 11, புள்ளியோடு 12. இரண்டாவது குறி இந்தப் பன்னிரண்டில் ஒன்றானால் தொடக்கத்திலிருந்து இரண்டை எடு, இல்லையென்றால் ஒன்றை எடு. பன்னிரண்டையும் வரிசையாகப் பட்டியலிட்டே எழுதுங்கள். இதிலிருந்து இதுவரை என்று வீச்சாக எழுதினால் விடை தரவுத்தளத்தின் ஒப்பீட்டு வரிசையமைப்பைப் (கொலேஷன்) பொறுத்து மாறக்கூடும். தலைப்பின் முன்னே வெற்றிடமோ மேற்கோள் குறியோ இருந்தால் அதை நீக்கிவிட்டு வெட்டவும்.

இதற்கு வகுப்புக்கூட வேண்டாம். உங்கள் மொட்யூலில் (ட்ருப்பலோடு சேர்க்கும் உங்கள் நிரல்தொகுதியில்) வியூஸ் டேட்டா ஆல்ட்டர் ஹுக்கை எழுதி, பதிவுகளின் விவரம் இருக்கும் கணுப் புல அட்டவணையின் கீழ் ஒரு புதிய பெயரைச் சேர்த்து, அதன் ஆர்கியுமென்ட் பகுதியில் அடையாளம் ஃபோர்முலா என்றும், சூத்திரம் மேலே சொன்னது என்றும் கொடுத்தால் போதும். அந்தப் புதிய பெயர் வினவலில் மாற்றுப்பெயராகப் போவதால் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே இருக்கட்டும். கேஷைத் துடைத்தபின் கன்டெக்ஸ்சுவல் ஃபில்டர் (ஆர்கியுமென்டுக்கு வியூஸ் திரையில் உள்ள பெயர்) பட்டியலில் அது தோன்றும். மதிப்பு இல்லாதபோது சுருக்கத்தைக் காட்டு என்று தெரிவுசெய்தால் க, கி, கு, சா, சீ, சே, த, தி, தோ என்று உரிய தலைப்புகள் எண்ணிக்கையோடு வந்து நிற்கும். தம்பலகாமம், திருக்கடலூர், தோப்பூர் மூன்றும் தத்தம் இடத்தில். வரிசையும் ஏறக்குறைய சரி. யூனிகோடில் ழ, ள, ற, ன இடம் மாறியிருந்தாலும் தமிழ்ச்சொல் அவற்றில் தொடங்காதே. ஜ மட்டும் ச வுக்கும் ஞ வுக்கும் நடுவில் வந்து நிற்கும்.

ஆனால் கோணேஸ்வரம் கே யில் வந்து நின்றால் திகைக்க வேண்டாம். ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பாமினி எழுத்துருவில் இருந்த பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றி ஒழுங்காக எழுதப்படாவிட்டால் இரண்டாவது வடிவம் வந்துவிடும். சூத்திரம் முதல் இரண்டு குறியை எடுக்க, கையில் கிடைப்பது கே. இதைச் சூத்திரத்தில் திருத்தப் போகாதீர்கள். பதிவு சேமிக்கப்படும் நேரத்திலேயே பிஎச்பியின் நோர்மலைசர் வகுப்பால் தலைப்பை சி வடிவத்துக்கு (என்எஃப்சி, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றுங்கள், ஏற்கனவே உள்ளவற்றை ஒருமுறை ஓட்டித் திருத்திவிடுங்கள். தளத்தின் தேடலும் அதோடு சீராகும்.

முகவரியில் யாராவது கண்டதைத் தட்டினால் பிழைப்பக்கம் வராமல் வெற்றுப் பட்டியல் வரும் என்பதையும் கவனியுங்கள். மாதத்துக்கு எண் சரிபார்ப்பைப் போட்டு, தவறினால் 404 என்று அமையுங்கள். விதிவிலக்கு மதிப்பு இயல்புநிலையில் ஆல் என்று இருக்கும். அதை மாதத்தின் இடத்தில் தட்டினால் எல்லாப் பதிவும் வரும், வேண்டாமென்றால் அகற்றிவிடுங்கள்.

திகதிக் கையாளிகள் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் மூன்றுக்கும் தாமாகவே மொழி மாற்றிக்கொள்ளும். நீங்கள் எழுதும் சூத்திரம் அப்படி மாறாது, ஆகவே இஃப் என்று மைஎஸ்கியூஎல் முறையில் எழுதாமல் கேஸ் வென் என்றே எழுதுங்கள். ட்ருப்பல் 7 இன் ஆதரவு 2025 ஜனவரி 5 உடன் முடிந்துவிட்டது. அதிலிருந்து இப்போது மாறுபவர்களுக்கு உள்ளடக்கம் வந்து சேரும், வியூக்கள் வராது. பழைய சூத்திரக் கையாளி வகுப்பை நீட்டி எழுதியவற்றில் சூத்திர வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதிதாக எழுதுவதே வேகமான வழி.