வீட்டு மொழியா, முதன்மை மொழியா?

ஓர் ஊரில் எத்தனை பேருக்கு ஆங்கிலத்தில் உதவி தேவை என்பதை அறிய அமெரிக்காவும் இங்கிலாந்தும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. அமெரிக்க அரசு மக்களிடம் நடத்தும் அமெரிக்கச் சமுதாய ஆய்வு, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுகிறாரா என்று கேட்கிறது. இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011 முதல் 3 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் முதன்மை மொழி எது என்று கேட்கிறது. வேறு மொழியைக் குறித்தவர்களிடம் ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள் என்றும் கேட்கிறார்கள்; மிக நன்றாக, நன்றாக, நன்றாக இல்லை, அறவே இல்லை என்ற நான்கு விடைகள் இரண்டுக்கும் பொது.

பகலெல்லாம் மருத்துவமனையில் ஆங்கிலம் பேசிவிட்டு, இரவில் குழந்தைக்குத் தமிழில் கதை சொல்லித் தூங்கவைக்கும் செவிலியரை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கப் படிவத்தில் அவருடைய தமிழ் பதிவாகிவிடும். இங்கிலாந்துப் படிவத்தில் அவர் ஆங்கிலம் என்று எழுதினால், அந்த வீட்டுத் தமிழ் கணக்கிலேயே வராது. 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 91.1 விழுக்காட்டினருக்கு ஆங்கிலமோ வேல்ஷோ முதன்மை மொழி என்ற எண்ணை அதனால்தான் நான் வீட்டு மொழியின் அளவாகக் கொள்வதில்லை.

அமெரிக்க முறையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அங்கே ‘மிக நன்றாக’ என்பதற்குக் கீழே உள்ள அனைவரும், ‘நன்றாக’ என்று குறித்தவர்களும்கூட, ஆங்கிலத் திறன் குறைந்தவர்களாகவே கொள்ளப்படுகிறார்கள். தன்னடக்கத்தோடு ஒரு படி குறைத்து எழுதுபவரையும் கடைப்பலகையைக்கூடப் படிக்க இயலாத பாட்டியையும் ஒரே கூட்டில் அடைப்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் பன்மொழி வாக்குச்சீட்டுக்கான உரிமை இந்த எண்ணிக்கையைச் சார்ந்தே கிடைப்பதால், எவரும் விடுபடாத அகன்ற வலையே அங்கு மேலானது.