பல் இடுக்கு பிரஷ்: பிபி மாத்திரையால ஈறு வளர்ந்த எனக்கு எப்படி இருந்துச்சு

ஏழு மாசமா தினமும் ராத்திரி இதை யூஸ் பண்றேன். பாட்டில் கழுவுற பிரஷ்ஷை ரொம்ப குட்டியா ஆக்குன மாதிரி இருக்கும், நடுவுல மெல்லிசா ஒரு கம்பி, சுத்தி நாரு. ரெண்டு பல்லுக்கு நடுவுல விட்டு எடுக்கணும், அவ்ளோதான். இதெல்லாம் எதுக்குன்னுதான் நானும் இருந்தேன், ஈறு வளர ஆரம்பிக்கிற வரைக்கும்.

அம்லோடிபின் 5 மில்லிகிராம் போட்டுட்டு இருந்தேன், பிபி அடங்கலன்னு 10 ஆக்குனாங்க, அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசத்துல கீழ் முன்பல்லு இடுக்குல இருக்கற ஈறு மொட்டு மொட்டா தடிச்சு பல்லு மேல ஏற ஆரம்பிச்சுது. வலியே இல்ல, ஆனா பிரஷ் பட்டா ரத்தம். ஒரு பல் டாக்டர்கிட்ட போனேன், க்ளீன் பண்ணி அனுப்பிட்டாங்க, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, பிபி மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் சொல்லல. கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடுச்சு. அடுத்து பாத்த ஈறு ஸ்பெஷலிஸ்ட் உக்காந்ததும் முதல்ல மாத்திரை லிஸ்ட்தான் கேட்டாங்க. அம்லோடிபின்னு சொன்னதும் அவங்களுக்கு புரிஞ்சிருச்சு.

அம்லோடிபின், நிஃபெடிபின் மாதிரி கால்சியம் சேனல் பிளாக்கர் (ரத்தக்குழாயை தளர்த்தி பிபிய குறைக்கிற வகை) மாத்திரைங்க சில பேருக்கு இப்படி பண்ணுமாம், நிஃபெடிபின்ல இன்னும் அதிகம். வலிப்புக்கு குடுக்கற ஃபெனிட்டாயின், கிட்னி மாத்துனவங்க சாப்பிடற சைக்ளோஸ்போரின் இதுகளாலயும் வரும். ஈறுல கொலாஜன்ங்கற நார் மாதிரி புரதம் சேந்துகிட்டே போகும், பழசு கரையற வேகம் குறைஞ்சிடும், அதான் தடிக்குது. எல்லாருக்கும் வராது. ஆனா பல்லுல அழுக்கு படலம் இருந்தா இன்னும் மோசமாகும், ஈறு தடிச்சா அடியில பை மாதிரி ஆகி அங்க சாதா பிரஷ் போகாது, அழுக்கு தங்கும், தங்குனா மறுபடி வீங்கும். இந்த சுத்தலை உடைக்கத்தான் இந்த குட்டி பிரஷ்.

சைஸ் ரொம்ப முக்கியம். நான் பாட்டுக்கு பெருசா வாங்கி திணிச்சேன், ஈறு கிழிஞ்சு எரிச்சல். அப்புறம் டாக்டரே ஒவ்வொரு இடுக்கா அளந்து பாத்து முன்னாடிக்கு 0.4 மில்லிமீட்டர், கடவாய்ப்பல்லுக்கு அதைவிட பெருசுன்னு சொன்னாங்க. வீக்கம் வத்த வத்த இடுக்கு தெரிய ஆரம்பிக்கும், அப்ப சைஸ் மாத்தணும். பேஸ்ட் வேண்டாம், தண்ணில நனைச்சா போதும். மொத வாரம் ரத்தம் வந்துச்சு, பயந்து விட்டுடாதீங்க, தொடர்ந்து பண்ண பண்ண குறைஞ்சிடுச்சு, எனக்கு மூணு வாரத்துல செவப்பு போய் வாய் நாத்தமும் போச்சு. கூடவே குடுத்த குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் எனக்கு புடிக்கல, ருசி மாறி பல்லுல பழுப்பு கறை வந்துச்சு, அது கொஞ்ச நாளைக்கு மட்டும்தான்னு அவங்களும் சொல்லித்தான் குடுத்தாங்க.

ஒண்ணு நேராவே சொல்லிடறேன், இந்த பிரஷ் ஈறை சுருக்காது. வீக்கமும் ரத்தமும்தான் போகும், கெட்டியா வளந்த சதை அப்படியே நிக்கும். எனக்கு அது குறைஞ்சது மாத்திரை மாத்துனதுக்கு அப்புறம்தான், பல் டாக்டர் லெட்டர் குடுத்தாங்க, பிபி டாக்டர் அதை பாத்துட்டு டெல்மிசார்டன்ங்கற வேற வகை பிபி மாத்திரைக்கு மாத்துனாங்க, அதுக்கப்புறம் சில மாசத்துல மெதுவா இறங்குச்சு. தயவுசெஞ்சு யாரும் நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, பிபி ஏறுனா ஈறு பிரச்சனையெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கற அளவுக்கு ஆபத்து. ஒரு இடத்துல இன்னும் கொஞ்சம் தடிப்பா இருக்கு, தேவைப்பட்டா வெட்டி எடுக்கலாம்னாங்க, அதே மாத்திரைலயே இருந்திருந்தா வெட்டுனாலும் திரும்ப வளர வாய்ப்பு இருக்குன்னும் சொன்னாங்க.

5க்கு 4 ஸ்டார். கம்பி சட்டுனு வளையுது, கோணலா தள்ளுனா உடைஞ்சே போகுது, ஒரு பிரஷ் ஒரு வாரம் பத்து நாள்தான் தாங்குது, அதுக்குதான் ஒண்ணு குறைச்சேன். கடவாய்ப்பல்லுக்கு கைப்பிடி நீளமா தலை மடங்கி இருக்கறதா பாத்து வாங்குங்க, குட்டை கைப்பிடிய வச்சுகிட்டு ரெண்டு மாசம் வாய்க்குள்ள விரலை விட்டு கஷ்டப்பட்டேன்.