வால்பேப்பர் நிறத்துக்கு மாறும் போன்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வால்பேப்பரில் இருக்கும் நிறத்தை எடுத்து போன் முழுக்கப் பூசிக்கொள்ளும் வசதி 2021-இல் ஆண்ட்ராய்டு 12-உடன் வந்தது. நான் அதோடு மூன்று வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு படம் மாற்றினேன். வயல் படம் வைத்தால் கால்குலேட்டர் பட்டன் வரைக்கும் வெளிர்பச்சை, தேர் படம் வைத்தால் காவி. அப்புறம் அலுத்துவிட்டது. ஒன்றரை வருடமாக ஒரே படம்தான்.

ஐகான்களையும் அதே நிறத்துக்குக் கொண்டுவரலாம். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அம்மாவின் போனிலும் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில், "டேய், அந்தப் பச்சையைக் காணோம்டா" என்றார். வாட்ஸப்பைத்தான் சொல்கிறார். பெயரைப் படித்து அல்ல, நிறத்தைப் பார்த்துத்தான் அவர் விரல் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தப்பு என்னுடையது, பழையபடி மாற்றிக் கொடுத்தேன்.

டார்க் மோடு சாயங்காலத்துக்கு மேல் மட்டும். கறுப்புத் திரையில் தமிழ் படிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி என் கண்ணுக்குப் பூத்துப்போய்த் தெரிகிறது. கண்ணாடி போட்டவர்கள் பகலில் வெள்ளைத் திரையையே வைத்துப் பாருங்கள்.

உண்மையில் பிடித்துப்போனது வெளிச்சம்தான். இருட்டில் நாம் எவ்வளவு குறைக்கிறோம், வெயிலில் எவ்வளவு கூட்டுகிறோம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும் முறை ஆண்ட்ராய்டு 9-இல், 2018-இலேயே வந்துவிட்டது. முதல் பத்து நாள் வெளிச்சக் கோட்டை இழுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

நிறமும் வெளிச்சமும் மாறினால் சரி, பட்டன் இடம் மாறினால்தான் எரிச்சல். பணம் அனுப்பும் ஒரு ஆப், பெயர் வேண்டாம், நான் எதை அடிக்கடி தொடுகிறேனோ அதை மேலே கொண்டுவருகிறதாம். மளிகைக் கடையில் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், ஸ்கேன் இருந்த இடத்தில் கடன் விளம்பரம். மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் 2000 மென்பொருளிலும் அதிகம் தொடாத மெனுக்கள் தானாக ஒளிந்துகொள்ளும். 2007-இல் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்தபோது வேர்டிலும் எக்செலிலும் அந்த ஏற்பாடே போய்விட்டது.

இப்போது ஸ்கேனுக்கு மட்டும் ஒரு ஷார்ட்கட்டை ஹோம் ஸ்கிரீனின் கீழ் மூலையில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். ஆப்பைத் திறப்பதே குறைந்துவிட்டது.