விரிப்பு தங்கம், மூடிதான் வினை: நாற்றுத் தட்டோடு ஐந்து பருவங்கள்

"குழித்தட்டு, மூடி, அடியில் போடும் சூடேற்றும் விரிப்பு மூன்றும் சேர்ந்த செட் வைத்திருக்கிறாயே, நானும் வாங்கலாமா?" என்று நேற்று தோழி கேட்டாள். அன்று காலையில்தான் 11 தக்காளி நாற்றுகளைப் பிடுங்கி எறிந்திருந்தேன். என் பதில் கொஞ்சம் சூடாகவே போனது.

முதலில் விரிப்பு. குளிர்காலம் முடியும் முன்பே வீட்டுக்குள் விதைப்பவர்களுக்குத் தெரியும், குளிர்ந்த மண்ணில் மிளகாய் விதை மூன்று வாரமானாலும் அசையாது. விரிப்பின் மேல் மண் 27, 28 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஒன்பதாம் நாள், வளைந்த வெள்ளைக் கழுத்து மண்ணை நெம்பிக்கொண்டு எழும்; விதை ஓடு இலை நுனியிலேயே ஒட்டியிருக்கும். ஐந்து வருடமாகியும் அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் குறையவில்லை. இத்தனை பருவத்தில் விரிப்பு ஒருமுறைகூடப் பழுதானதில்லை. லெட்டூஸை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள். சூடு கூடினால் அந்த விதை முளைக்காமல் உறங்கிவிடும்.

இனி மூடி. அதன் உட்கூரையில், நடுவே நீளவாக்கில் ஒரு மடிப்பு. விரிப்பின் சூட்டில் எழும் ஆவி அங்கேதான் துளித்துளியாகச் சேர்ந்து, நேர் கீழே இருக்கும் ஒரே வரிசையில் சொட்டுகிறது. ஒவ்வொரு வருடமும் அதே வரிசை! மேலே இருக்கும் இரண்டு காற்றுத் துளைகளை முழுக்கத் திறந்தாலும் ஈரம் போவதில்லை. முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல், ஈரம் தங்கினால் நாற்றின் அடித்தண்டை அழுகவைக்கும் நோய். புதிய தென்னைநார்க் கழிவுதான் போட்டேன், தண்ணீரும் அடியிலிருந்துதான் ஊற்றினேன். அப்படியும் அந்த வரிசை தப்பவில்லை.

நியாயமாகச் சொன்னால், பாதி விதை முளைத்ததுமே மூடியை எடுத்துவிட வேண்டும். ஆனால் தக்காளி ஆறாம் நாளே வந்துவிடுகிறது, மிளகாய்க்கு இன்னும் ஈரம் வேண்டும், பார்ஸ்லிக்கோ மூன்று வாரம்கூட ஆகும். ஒரே தட்டில் இவற்றைச் சேர்த்து விதைத்தது என் முடிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் 72 குழி கொடுத்துவிட்டு, ஒரே மூடியைத் தருபவர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா? வீட்டில் நாலைந்து வகை விதைப்பவர்கள்தானே இதை வாங்குகிறார்கள்? மூடியை எடுத்தால் விரிப்பின் சூட்டில் மேல்மண் மாலைக்குள் காய்கிறது. ஒரு மூலையில் பென்சிலை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன், வழுக்கி விழுகிறது.

தோழிக்கு "வாங்காதே" என்று எழுதினேன். விரிப்பை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்றாள். உண்மைதான். ஆனாலும் இன்றைக்கு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

நேற்று மாலை மிளகாய் விதைத்தேன், அதே விரிப்பின் மேல்தான். மூடியை எடுத்து வைத்துவிட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் தாளை வரிசைக்கு ஒரு பட்டையாக வெட்டி, குழிகளின் மேல் படிய ஒட்டியிருக்கிறேன். எந்த வரிசை முளைக்கிறதோ அந்தப் பட்டையை மட்டும் உரித்தால் போதும்.