கரும்புகை கக்கி நின்றுபோகும் பழைய கார்: சோக்கா, ஃப்ளோட்டா, சென்சாரா?

பழைய பெட்ரோல் கார் கரும்புகை தள்ளுகிறது, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆஃப் ஆகிறது என்றதும், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் "கார்புரேட்டரையே மாத்திடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். புகை கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அது வேறு கதை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கு எங்கே கெட்டது என்பதை, வண்டி எந்த நேரத்தில் நிற்கிறது என்று கவனித்தாலே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

ஏர் ஃபில்டரை முதலில் பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் புகை அதிகமாக வரும். ஐடிலில் நிற்பதற்கு அது மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம்.

கார்புரேட்டர் வண்டியில் உண்மையான போட்டி சோக்குக்கும் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) ஃப்ளோட்டுக்கும் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை)தான். இரண்டிலும் பிளக் கரி பிடிக்கும், பெட்ரோல் வாசம் அடிக்கும். ஆனால் சோக் மூடியபடி சிக்கிய வண்டி காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகும். சூடாக ஆகத்தான் திணறும். ஃப்ளோட் பழுதான வண்டியோ வேகமாகப் போகும்போது ஓரளவு சமாளிக்கும், வேகம் குறைந்ததும் நின்றுவிடும், சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்தால் அடம்பிடிக்கும்.

சோதிப்பதும் எளிது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏர் கிளீனர் மூடியைக் கழற்றுங்கள். சோக் தகடு முழுக்கத் திறந்து செங்குத்தாக நிற்க வேண்டும். அது சரியாக இருந்தால் ஐடிலில் ஓடவிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மெயின் நாசிலில் (பெட்ரோல் வெளிவரும் குழாய் முனை) இருந்து பெட்ரோல் சொட்டினால் குற்றவாளி ஃப்ளோட் பக்கம்தான். இன்ஜினை ஆற விட்டுப் பிரித்து, பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. ஃப்ளோட் உயர்ந்ததும் பெட்ரோல் வழியை அடைக்கும் நீடிலின் முனையில் மோதிரம் போலத் தேய்ந்த வரி தெரிந்தால் நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃப்ளோட்டா, நீடிலா என்று கேட்டால், நான் முதலில் சந்தேகப்படுவது நீடிலைத்தான். அதற்காக முழு கார்புரேட்டரையும் மாற்றுவது வீண்செலவு.

இன்ஜெக்‌ஷன் வண்டி (கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சுவது) என்றால் சோக்கின் இடத்தில் இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார். அது கெட்டு, இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான சென்சார்களில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும் மின்தடை, 80 டிகிரியில் சில நூறு ஓமாக இறங்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஃப்ளோட்டின் இடத்தில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர். அதன் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஈரம் தட்டினால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது.

பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய. கரி பிடித்த பிளக் நோயின் விளைவு. புதியதும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

சரி, பழுதை நீக்கியாகிவிட்டது. அப்புறம் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி முகர்ந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்திருக்கலாம்; நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பெட்ரோல் வாசம் வந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுங்கள்.